கதவைக் கழற்றச் சொன்னவள்

"நானாவா புதுசா சொல்றேன்? சாவு ஊட்டுல நீங்கதானுங்கக்கா மொதல்ல சொன்னீங்க!"

இப்படிக் கேட்டவள் சென்னம்மாள். காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகையில் நாங்கள் எட்டுப் பேர் முறத்தோடு உட்கார்ந்திருந்தோம். புதிதாகக் கலியாணமாகி வந்த ஒரு பெண்ணுக்குச் சென்னம்மாள் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளின் கதையை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசி வீட்டுக்கு வந்ததும், "அங்க அமலின்னு ஒருத்தி இருந்தா. மரத்துலருந்து விழுந்த புருசனைத் தூக்க உடாம மழையில போட்டு வெச்சுச் சாகடிச்சவ" என்றாள். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவ சாகடிக்கல. நீ வாயை அளந்து பேசு" என்று சத்தம் போட்டேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

அவள் சொன்னது பொய்யில்லை. நான்தான் சொன்னேன். அமலி என் மருமகள். செத்துப்போன பாக்கியநாதன் என் மகன். பெற்றவளே அப்படிச் சொன்ன பிறகு ஊர் சும்மா இருக்குமா? இப்போது பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் எத்தனை தடவை மாற்றிச் சொன்னாலும், முதலில் சொன்னதுதான் நிற்கிறது.

அதனால் முழுக்கச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே பேனாவை நிறுத்தி, "ஆயா, இதையும் எழுதணுமா?" என்று கேட்கிறாள். எழுது சாமி, நான் என்னைப் பற்றிச் சொல்வதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அமலிக்குச் சொந்த ஊர் கிளியூர். தகப்பன் காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஏழு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தாள். அதற்கு மேல் முடியவில்லை. கன்னியர் மடத்தில் மருந்து கொடுக்கும் சிஸ்டர் ஒருத்தர் இருந்தார். நாங்கள் மருந்து சிஸ்டர் என்போம். அவரிடம் போய்ப் பாட்டில் கழுவுவது, கட்டுத்துணி கொதிக்க வைப்பது, புண்ணுக்கு வெந்நீர் பிடிப்பது என்று ஐந்து வருடம் வேலை செய்தாள். எழுபத்தெட்டாம் வருடம், பத்தொன்பது வயதில், என் மகனுக்குக் கட்டிக்கொண்டு வந்தோம்.

சும்மா எதையும் செய்ய மாட்டாள். ஓடையில் கல் மேல் கல்லாகத் தாண்டும்போது, ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுப்பாள். சந்தையில் ஒரு கோழி வாங்க வேண்டுமென்றால் அதைத் தரையில் விட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்பாள். பாக்கியநாதனுக்கு இது நல்ல வேடிக்கை. "எங்கூட்டுக்காரி சோத்துக்கு உப்புப் போடறதுக்குள்ள சேலத்துக்குப் போயிட்டு வந்தர்லாம்" என்பான். அவள் சிரிக்காமல், "போயிட்டு வாங்க. உப்புச் சரியா இருக்கும்" என்பாள். என் மகன் அவளுக்கு நேர்மாறு. கால் வைத்த பிறகுதான் கல் இருக்கிறதா என்று பார்ப்பான். இரண்டு பேருக்கும் நன்றாகத்தான் ஒத்துப்போயிற்று.

எங்கள் எஸ்டேட் நாகலூர் தாண்டி உள்ளே இருக்கிறது. காப்பிச் செடிக்கு மேல் நிழலுக்காகச் சில்வர் மரம் நிற்கும். மழைக்காலம் பிடிப்பதற்கு முன்னால், மே மாதத்தில், ஆட்கள் ஏறிக் கிளை கழிப்பார்கள். ஒற்றை மூங்கிலில் கணு விட்டுச் செய்த ஏணி. இடுப்பில் கொடுவாள். வருடத்துக்கு ஒருவன் விழுவான். விழுந்தவனைத் தூக்குவதற்கு எங்கள் மலையில் ஒரே வழிதான். மழைக்குத் தலையில் மடித்துப் போட்டுக்கொள்ளும் கம்பளியைத் தரையில் விரிப்பார்கள். ஆளை அதில் உருட்டிப் போட்டு, நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துக்கொண்டு ஜீப் நிற்கிற ரோடு வரைக்கும் ஓடுவார்கள். காப்பிச் செடிக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வண்டி எதுவும் நுழையாது.

எண்பதாம் வருடம் செங்கோடன் விழுந்தான். சித்தனும் இன்னும் மூன்று பேரும் கம்பளியில் போட்டுக்கொண்டு பறந்தார்கள். செங்கோடன் பத்து நாளில் எழுந்து வந்துவிட்டான். அடுத்த பொங்கலுக்குத் துரை சித்தனைக் கூப்பிட்டு வேட்டி கொடுத்தார். அதற்குப் பிறகு சித்தன் சொன்னால் மேஸ்திரிகூட எதிர்த்துப் பேச மாட்டார்.

அமலி மட்டும், செங்கோடன் எழுந்து வந்த அன்றைக்கு, வீட்டில் வேறு மாதிரிச் சொன்னாள். "அத்தே, செங்கோடண்ணன் தழைக் குமியல் மேல விழுந்தாரு. அதான் தப்பிச்சாரு. முதுகு ஒடஞ்சிருந்தா அந்தக் கம்பளியிலயே கால் போயிருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

மருந்து சிஸ்டரிடம் இருந்தபோது, அவளுடைய கிளியூரிலிருந்தே கருப்பண்ணன் என்று ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். பலா மரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. ஒன்றரை வருடம் இவள்தான் அவனுக்குப் படுக்கைப் புண் துடைத்தாள். அவன் இவளிடம் திரும்பத் திரும்பச் சொல்வானாம். "விழுந்தப்ப எனக்குக் கால் அசைஞ்சுது கண்ணு. நானே பாத்தேன். கம்பளியில போட்டு, வில்லாட்ட வளைச்சுத் தூக்கினாங்க பாரு, அதுக்கப்புறந்தான் அசையல." சிஸ்டரும் அதையே சொன்னாராம். உயரத்திலிருந்து விழுந்தவனை மடிக்கக் கூடாது. பலகையில் நீட்டி வைத்துத்தான் தூக்க வேண்டும். அவசரத்தைவிட அது முக்கியம் என்று.

இதை அவள் பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி ஒப்பித்துச் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் புண் துடைத்த கையோடு சொன்னாள். நான் "ம்" கொட்டிவிட்டுத் தூங்கிப்போனேன்.

அடுத்த வருடம் மே மாதம். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போன ஆட்கள் வேலைக்குத் திரும்பிய வாரம். ஆறாம் நம்பர் காட்டில் கிளை கழித்தார்கள். நானும் அமலியும் கீழ்ச் சரிவில் களை வெட்டிக்கொண்டிருந்தோம். மேலே ஏதோ முறிகிற சத்தம், பிறகு ஆட்களின் கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் என் மகன் கிடக்கிறான்.

சித்தன் அதற்குள் கம்பளியை விரித்துவிட்டான். நான்கு பேர் குனிந்து கை வைக்கப் போனார்கள்.

"யாரும் தொடாதீங்க!" என்று அமலி கத்தினாள். அவள் குரல் அவ்வளவு பெரிதாக வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஏம்மா, நேரமாவுது" என்றான் சித்தன். "போன வருசம் செங்கோடனத் தூக்கினது இந்தக் கைதான்."

அமலி அவனைத் தாண்டி முன்னால் வந்தாள். மண்டிபோட்டு உட்கார்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, கால் வெரலை அசைங்க பாக்கலாம்."

அசைத்தான். இரண்டு காலும் அசைந்தன.

"எங்க வலிக்குது?"

"முதுகு தீயாட்ட எரியுது புள்ள. வேற ஒண்ணுமில்ல."

வயிற்றில் காயமில்லை. வாயில் ரத்தமில்லை. தெளிவாகப் பேசினான். அவள் எழுந்து நின்று, "மடிக்காமத் தூக்கோணும். எங்கூட்டுக் கதவைக் கழட்டிக் கொண்டாங்க" என்றாள்.

"கதவையா?" சித்தன் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பெற்றவள் நான். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கணமே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஜீப் பங்களாவில் தயாராக நின்றது. எனக்குக் கருப்பண்ணன் நினைவு வந்தது. நான் தலையை ஆட்டினேன்.

இதை எழுதினாயா சாமி? நான் தலையை ஆட்டினேன் என்று எழுது.

இரண்டு பேர் லைன் வீட்டுக்கு ஓடினார்கள். எங்கள் கதவு பலாப் பலகை, கனமானது. கடப்பாரை போட்டுக் கீலை நெம்பி எடுத்து, மேட்டில் சுமந்துகொண்டு வர அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. அமலி தன் கம்பளியை அவன் மேல் போர்த்திவிட்டு, அவன் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பாக்கியநாதன் அப்போதும் கேலிதான் பேசினான். "கதவைக் கழட்டிட்டு வந்தா ஊட்டுக்குள்ள ஆடு பூந்துரும் புள்ள."

"பூந்தாப் பூந்துட்டுப் போவுது. நீங்க தலையை ஆட்டாதீங்க."

கதவு வந்ததும் ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, ஒரே நேரத்தில் நகர்த்தச் சொல்லி, ஒரு வளைவும் இல்லாமல் அவனை அதில் ஏற்றினாள். ஜீப்பின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக் கதவோடு கொண்டுபோனார்கள். ஏற்காடு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மலை இறங்கும்போது பன்னிரண்டாவது வளைவில் அவன் "வயிறு கல்லாட்டம் இருக்குது" என்றான். அதற்கப்புறம் பேசவில்லை. கீழே போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

முதுகெலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது என்று கீழே டாக்டர் சொன்னார். கூடப் போயிருந்த, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அவரிடம், "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டிருக்கிறார். "சொல்ல முடியாது. பிழைச்சும் இருக்கலாம்" என்றாராம் டாக்டர். அந்த "இருக்கலாம்" மட்டும் சவத்தோடு மலை ஏறி வந்தது. "சொல்ல முடியாது" கீழேயே தங்கிவிட்டது.

அவனை அதே கதவின் மேல் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள். வீடு நிறைய ஆட்கள். சித்தன் வாசலில் உட்கார்ந்து, "நான் கம்பளியை விரிச்சுட்டனுங்க. விரிச்ச கம்பளிய மடிச்சு வெக்கச் சொல்லிட்டா" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.  எனக்கு எதையாவது பிடித்துக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. "கம்பளியில போட்டுத் தூக்கியிருந்தா எம்புள்ள இன்னிக்கு இருந்திருப்பான்" என்றேன்.

அமலி அந்த நேரம் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே நுழைந்தாள். காதில் விழுந்துவிட்டது. குடத்தை மெதுவாக இறக்கி மூலையில் வைத்தாள். தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டியதைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை. அங்கே நின்ற ஆண்களில் ஒருத்தருக்காவது அது ஞாபகம் இருந்திருக்கும். அவர்களும் சொல்லவில்லை.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. குழந்தை இல்லை. தாயும் முந்தின வருடம் போய்விட்டாள். என் கூடவே, அந்த ஒற்றை அறையில், இன்னும் இருபது மாதம் இருந்தாள்.

பழம் பறிக்கும் காலத்தில் ஆளுக்கொரு நிரை பிடிப்போம். பக்கத்து நிரையில் நிற்பவளோடு பேசிக்கொண்டே பறித்தால்தான் பொழுது போகும். அமலிக்குப் பக்கத்து நிரையை யாரும் பிடிக்க மாட்டார்கள். இரண்டு நிரை தள்ளி நிற்பார்கள். பனியில் அவள் தலை மட்டும் தனியாகத் தெரியும். மாதாகோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சு காலியாகிவிடும். பிள்ளைத்தாய்ச்சிகள் எதிரே வந்தால் பாதை மாறிப் போவார்கள். அவள் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி நடப்பாள். வீட்டுக்கு வந்தால் நான் இருந்தேன். நான் என்ன பேசினேன்? "சோறு ஆச்சா", "தண்ணி இருக்குதா". இவ்வளவுதான். ஒரே அடுப்பில் சமைத்து, ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டோம்.

கதவு வேறு இல்லை. சவம் வந்த கதவை மாட்டக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். எஸ்டேட் ஆசாரி கை வைக்க மாட்டேன் என்றுவிட்டான். வாசலில் காப்பிச் சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டோம். ஏற்காட்டுக் குளிர் உங்களுக்குத் தெரியும். பனி நேராக உள்ளே வந்து பாத்திரமெல்லாம் வேர்த்து நிற்கும். ஆறு மாதம் அப்படிப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அமலி பின்பக்கம் சாய்த்து வைத்திருந்த கதவைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்தாள். கல்லைக் கொடுத்து உயர்த்தி, நெளிந்த கீலைத் தட்டி நிமிர்த்தி, ஆணி அடித்தாள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப் பிடிக்கலாம் என்று எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்திருக்கவில்லை. கீல் சரியாக நிமிராததால் கதவு ஒரு விரல்கடை இறங்கி நின்றது. அன்றிலிருந்து திறப்பதற்கும் சாத்துவதற்கும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

அடுத்த மே மாதம் ஐயாக்கண்ணு விழுந்தான்.

நாங்கள் தூரத்தில் இல்லை. சத்தம் கேட்டதும் அமலி களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னால் மூச்சிரைக்கப் போனேன். அவள் போக மாட்டாள், போனாலும் வாயைத் திறக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு பட்டிருக்கிறாள்! ஆனால் நான் போய்ச் சேரும்போது அவள் குரல்தான் கேட்டது. "மடிக்காதீங்க! நீட்டிப் படுக்க வெய்ங்க! பலகை கொண்டாங்க!"

சித்தன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "இன்னொருக்கா ஊட்டுக் கதவைக் கழட்டப் போறியாம்மா? அந்தக் கதவுக்கு ஒரு ஆளு பத்தாதா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஐயாக்கண்ணுவின் பெண்டாட்டி அவளைப் பிடித்துத் தள்ளினாள். கம்பளியில் போட்டார்கள், தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐயாக்கண்ணு எட்டாம் நாள் கடைத்தெருவில் நின்று பீடி குடித்தான். "பாத்தியா" என்று ஊரே கேட்டது. அவர்கள் பேச்சுக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது.

ஐயாக்கண்ணு எழுந்து நடந்த அன்று மாலை, அமலி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்கு எதுக்கு அந்த வாயி? இத்தனை பட்டும் அடங்கலயா?" என்றேன். ஒரு வருடத்தில் நான் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவள் துடுப்பை நிறுத்தவில்லை. "நாளைக்கு நீங்க விழுந்தாலும் நான் அதையேதான் சொல்லுவேன் அத்தே."

"அவன் பொழைச்சுட்டானே."

"பொழைச்சுட்டாரு. சந்தோசம். அதுக்காவ மடிச்சுத் தூக்கறது சரியாயிருமா?"

"எம்புள்ள பொழைக்கலையே."

துடுப்பு நின்றது. "பொழைக்கல. தெனமும் அந்த எடத்துல போய் மறுபடியும் உக்காந்து பாக்கறேன் அத்தே. கால் அசைஞ்சுது. முதுகு எரியுதுன்னாரு. வயித்தைப் பத்திச் சொல்லல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவ்வளவை வெச்சுட்டு எத்தனை தரம் யோசிச்சாலும் கதவத்தான் கேக்கறேன். உள்ளாற ரத்தம் போவுதுன்னு தெரிஞ்சிருந்தா நானே தூக்கிட்டு ஓடியிருப்பேன். அதத் தெரிஞ்சுக்கற கண்ணு எனக்கில்ல." பிறகு மெதுவாக, "உங்களுக்கும் இல்ல" என்றாள்.

அதுதான் அவள் என்னைக் குறை சொல்லிப் பேசிய முதல் பேச்சு. களியை உருட்டித் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் சொந்தக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. பாக்கியநாதன் ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்தபோது, ஓடையில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் என் தங்கை கலியாணப் பந்தல். காத்திருந்தால் சாயங்காலம் வடிந்துவிடும். நான் காத்திருக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தண்ணீர் மார்பு வரை வந்தது, ஒரு தடவை கால் நழுவிற்று, எப்படியோ கரை ஏறிவிட்டேன். பந்தலில் எல்லாரும் "இன்பமேரி மாதிரி தைரியம் யாருக்கு வரும்" என்றார்கள். முப்பது வருடமாக நானும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் மகனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஒரு தாலி கட்டுவதைப் பார்க்க ஒன்றரை வயதுப் பிள்ளையை வெள்ளத்தில் இறக்கியவள் நான். தண்ணீர் விட்டுவிட்டதால் தைரியசாலி. அன்றைக்கு அது அவனைக் கொண்டுபோயிருந்தால் எனக்கு என்ன பேர் வைத்திருப்பார்கள்?

ஒரு காப்பிக்கொட்டை அளவுகூட யோசிக்காமல் செய்த எனக்கு நல்ல பேர். ஒன்றரை வருடம் புண் துடைத்துக் கற்றதை வைத்து, கால் விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்து, அதற்குப் பிறகு முடிவெடுத்தவளுக்குக் கொலைகாரிப் பட்டம். அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் எழுந்து போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாசல் பத்தடி. நான் போகவில்லை. பிடிவாதம். நான்காம் நாள் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்ற வெட்கமும் கூட. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு மாதம் ஓட்டினேன்.

மருந்து சிஸ்டரை அதற்கு முன்பே ஆத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். எண்பத்துமூன்று பிறந்ததும் அவரிடமிருந்து அமலிக்குக் கடுதாசி வந்தது. வார்டில் உதவிக்கு ஆள் வேண்டும், தங்க இடம் உண்டு, கை பழகினால் பிறகு பயிற்சிக்குச் சேர்க்கப் பார்க்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று. அமலி கடுதாசியை எனக்கு முழுக்கப் படித்துக் காட்டினாள். "உறுதியாகச் சொல்ல முடியாது" என்ற வரியை மெதுவாகப் படித்தாள்.

லைனில் தெரிந்துவிட்டது. "புருசனைப் பாத்துக்கத் தெரியாதவ ஊர்ப் புருசனையெல்லாம் பாக்கப் போறாளாம்" என்றாள் சென்னம்மாள். இன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற இதே சென்னம்மாள்தான்.

எனக்கு அவளை விட மனமில்லை. அதை நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை. குறுக்குக் கேள்வியாகக் கேட்டேன். "சிஸ்டரை அங்கிருந்தும் மாத்திட்டா?"

"மாத்தினாலும் மாத்துவாங்க."

"இங்க பேரை வெட்டிருவாங்க. திரும்பி வந்தா வேலை இருக்காது, ஊடு இருக்காது."

"தெரியுமுங்க. ரைட்டரக் கேட்டுட்டேன்."

"அங்கயும் ஒரு ஆளு உன் கையில செத்தா? இதே பேச்சு அங்கயும் வரும்."

 "வரும் அத்தே. அது ஆஸ்பத்திரி. சாவாங்க. போறது தப்பாப் போனாலும் போவும். இங்கயே இருந்தா, அடுத்த மே மாசம் ஒருத்தன் விழுவான். நான் கத்துவேன், சிரிப்பாங்க. அதுக்கடுத்த வருசமும் அப்படித்தான். ஒருநா நான் கத்தறத நிறுத்திருவேன். அதுக்குத்தான் பயமா இருக்குது."

அவள் போனது சரியா என்று என்னைக் கேட்பவர்கள் எல்லாரும் உடனே அடுத்த கேள்வியாக, இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார்கள். கொட்டகையில் சென்னம்மாளும் கேட்டாள். "அதெல்லாம் இருக்கட்டுமுங்க அக்கா, போயி என்னாத்த ஆனா? நல்லா இருக்கறாளா, இல்லையா?" எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கிறாள் என்றால், "அப்ப போனது சரிதான்" என்பாள். இல்லை என்றால், "நான் அப்பவே சொன்னேன்" என்பாள். பேத்திக்கும் தெரியும், அவளும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடுதாசியை மூன்று நாள் வைத்து யோசித்து, ரைட்டரைக் கேட்டு, எது தெரியும் எது தெரியாது என்று பிரித்து வைத்துவிட்டு அவள் கிளம்பினாள். அவ்வளவு போதும்.

பிப்ரவரி மாதம், பழம் பறிப்பு முடிந்து எஸ்டேட்டின் ஆள் பதிவேடான செக்ரோலில் பேர் குறைக்கும் நேரம். நாகலூரில் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு நின்றாள். ஒரு துணிப்பை, ஒரு தகரப் பெட்டி. தன் கம்பளியை மடித்து என் கட்டிலில் வைத்திருந்தாள். "கீழ வெய்யில் அத்தே. உங்களுக்குத்தான் வேணும்" என்றாள். அவன் மேல் போர்த்திய அதே கம்பளி. வழியில் சாப்பிட நான் இரண்டு உருண்டை களியும் ஒரு துண்டு கருவாடும் கட்டிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று திரும்பினாள்.

கதவைத் தூக்கிப் பிடிக்கக் கையை வைத்தாள். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"அமலி. அன்னிக்கு நீ கதவக் கேட்டது சரி."

அவள் திரும்பவில்லை. கை கதவின் மேலேயே இருந்தது.

"நான் தலையாட்டினதும் சரிதான். நாலாம் நாள் சொன்னதுதான் தப்பு" என்றேன்.

 வெளியே யார் வீட்டிலோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

"அதச் சாவு ஊட்டுலயே சொல்லியிருக்கலாமுங்க அத்தே."

"அப்ப எனக்குத் தெரியல கண்ணு."

"அதுக்கப்புறம்?"

நான் குனிந்து, கட்டிலில் இருந்த கம்பளியைத் தடவினேன்.  அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழுவாள், காலைத் தொடுவாள் என்றெல்லாம் நினைத்தேன். அவள் முகத்தில் கோபம் இருந்தது. இருபது மாதமாக நான் பார்க்காத கோபம். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"எங்கிட்டச் சொல்லிட்டீங்க. எனக்கு இது முன்னாடியே தெரியும்" என்றாள். "நாலு பேருக்குக் கேக்கறாப்பல சொல்லுங்க. நான் போனப்புறமாவது."

"சொல்றேன்."

"அடுத்து ஒருத்தன் விழுந்து, கம்பளிய விரிக்கறப்பச் சொல்லுங்க, மடிக்காதீங்கன்னு. செத்தப்புறம் சொல்லிப் பிரயோசனமில்ல."

பெட்டியைக் கையில் எடுத்தாள். கதவை ஒரு விரல்கடை தூக்கி, திறந்து, வெளியே கால் வைத்தாள். வாசல் கல்லில் பனி படிந்து ஈரமாக இருந்தது. ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு அடுத்த காலை எடுத்து வைத்து நடந்தாள்.